கிம் டோங்-மூனும் இரட்டையர் ஆட்டத்தின் அளவுகோலும்

கேள்வி

ஒற்றையர் ஆட்டக்காரர் ஒருவருடைய ஸ்தானத்தை அவர் பெற்ற ஜயங்களையும் அபஜயங்களையும் வரிசைப்படுத்தி நிர்ணயிப்பதில் பெரிய சிக்கல் ஒன்றும் எழுவதில்லை. ஆனால் தம் விளையாட்டு வாழ்க்கை முழுவதிலும் மற்றொருவரோடு சேர்ந்தே ஆடுகளத்தில் நின்ற ஒருவரை, அந்த மற்றொருவரிடமிருந்து பிரித்தெடுத்துத் தனியே மதிப்பிட முற்படும்போது, நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோலே சரியானதுதானா என்ற சந்தேகம் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. இந்தச் சந்தேகத்தைப் பரிசீலிப்பதற்கு இறகுப்பந்தின் சரித்திரத்தில் கொரிய ஆட்டக்காரர் கிம் டோங்-மூனுடைய வாழ்க்கையைப்போல் பொருத்தமான உதாரணம் வேறொன்று கிடைப்பது அரிது.

தென் ஜியோல்லா மாகாணத்தின் கோக்சியோங்கில் 1975-இல் பிறந்த கிம், ஒலிம்பிக் பந்தயங்களில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் பெற்றவர். 1996-இல் அட்லாண்டாவில் கில் யங்-ஆவுடன் கலப்பு இரட்டையரிலும், 2004-இல் ஏதென்ஸில் ஹா டே-க்வோனுடன் ஆடவர் இரட்டையரிலும் தங்கம். இடையே 2000-இல் சிட்னியில் அதே ஹாவுடன் வெண்கலம். இந்தப் பட்டியலை மட்டும் வாசிக்கும் ஒருவர், கிம்முடைய பெயரைக் கேட்டதும் இறகுப்பந்து ரசிகர்கள் நினைவுகூரும் இணைப் பெயர் இவ்விரண்டும் அல்ல என்பதை அறிய வழியே இல்லை. அந்தப் பெயர் ரா கியுங்-மின். உலகப் பட்டத்தை இருமுறையும், அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு முறையும், ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இருமுறையும் வென்ற கிம்–ரா இணை, சிட்னிக்கும் ஏதென்ஸுக்கும் சென்று, இரண்டு இடங்களிலும் காலிறுதியைத் தாண்டாமல் திரும்பியது. தம் காலத்தின் தலைசிறந்த கலப்பு இணை என்று பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட இருவர், சேர்ந்து ஓர் ஒலிம்பிக் பதக்கம்கூடப் பெறாமல், தனித்தனியே வேறு துணைகளோடு பெற்றார்கள் என்ற இந்த நிலையை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

வழக்கமான மதிப்பீடுகள்

இதைப்பற்றி நிலவிவரும் அபிப்பிராயங்களைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். முதல் வகையினர் பதக்கத்தையே முடிவான பிரமாணமாகக் கொள்பவர்கள். அவர்கள் கணக்கில் கிம் இரு வேறு பிரிவுகளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அபூர்வ மனிதர், கிம்–ரா இணையோ பெரிய சந்தர்ப்பத்தில் தளர்ந்துபோன இணை. இரண்டாம் வகையினர் ஒலிம்பிக் அபஜயங்களை விதியின் விளையாட்டாகக் கொண்டு, துரதிருஷ்டம் என்ற ஒரே சொல்லால் விசாரணையை முடித்துவிடுபவர்கள். முதல் அபிப்பிராயம் இணையைத் தண்டிக்கிறது. இரண்டாவது அதை மன்னிக்கிறது. இரண்டுமே அந்த இரு தோல்விகளை ஒரே தன்மையுடையனவாகக் கருதுகின்றன என்பதுதான் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது.

ஒலிம்பிக் அளவுகோல் கொரியாவில் இத்தனை வலிமை பெற்றதற்கு வெறும் உணர்ச்சி மட்டும் காரணம் அன்று. அந்நாட்டில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கம் பெற்றாலும், ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றாலும், வழக்கமான ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. சர்வதேச வெற்றிகளுக்குப் புள்ளிகள் கணக்கிட்டு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆகவே பதக்கம் என்பது அங்கே கீர்த்தியோடு வாழ்க்கை வசதியையும் நிர்ணயிப்பதாக அமைந்துவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சில நாட்களுக்கு ராஜாங்கமே இத்தனை மதிப்புக் கொடுக்கும்போது, பத்திரிகைகளும் பொதுமக்களும் அதே கணக்கைக் கையாண்டதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். கொரியாவின் இறகுப்பந்துப் பெருமை முக்கியமாக இரட்டையர் பெருமையே. 1992-இல் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் முறையாகச் சேர்க்கப்பட்டது முதல் 2024 வரை அந்நாடு பெற்ற ஏழு தங்கங்களில் ஐந்து இரட்டையர் பிரிவுகளில் வந்தவை. எஞ்சிய இரண்டும் பாங் சூ-ஹியுன், ஆன் சே-யங் என்ற இரு பெண்மணிகளின் ஒற்றையர் வெற்றிகள். தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்களைச் சியோலின் டேருங் விளையாட்டு வீரர் குடியிருப்பில் ஒன்றாகத் தங்கவைத்து, நீண்ட காலம் கூட்டாகப் பயிற்சி அளித்த முறை, ஒருவர் மனத்தை மற்றொருவர் அறிந்து ஆட வேண்டிய இரட்டையர் ஆட்டத்துக்கு மிகவும் அனுகூலமாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். கிம் அந்த முறையின் சிறந்த விளைவுகளில் ஒருவர்.

அட்லாண்டா: தலைமுறைகள் கைகோத்த ஆட்டம்

கலப்பு இரட்டையர் ஒலிம்பிக்கில் பதக்கப் பிரிவாக முதன்முதலாக ஆடப்பட்டது 1996-இல்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் பார்சிலோனாவில் அந்தப் பிரிவு இல்லை. அங்கே கிம் மூன்-சூவுடன் ஆடவர் இரட்டையர் தங்கத்தை வென்ற பார்க் ஜூ-போங், ஐந்து உலகப் பட்டங்களைப் பெற்றும், கலப்பு இரட்டையரில் தமக்கிருந்த தனித்திறமையால் ஒலிம்பிக் பதக்கம் பெற வாய்ப்பின்றி ஓய்வு பெற்றிருந்தார். பிரிவு சேர்க்கப்பட்டதும் அவர் மீண்டும் மட்டையை எடுத்தார். முப்பத்தொரு வயதான அவருக்குத் துணையாகப் பத்தொன்பது வயது ரா கியுங்-மின் நின்றார். மற்றொரு கொரிய இணையில், ஏற்கெனவே பார்சிலோனாவில் மகளிர் இரட்டையர் வெண்கலமும் 1995-இல் உலகப் பட்டமும் பெற்று அனுபவம் முதிர்ந்திருந்த கில் யங்-ஆவுக்குத் துணையாக இருபது வயது கிம் டோங்-மூன் நின்றார். இரு இணைகளும் இறுதியாட்டத்தில் சந்தித்தன.

இந்த அமைப்பில் உள்ள ஒழுங்கைச் சற்று நின்று நோக்குவது தகும். ஒவ்வோர் இணையிலும் ஒரு மூத்தவர், ஒரு இளையவர். ஒன்றில் மூத்தவர் ஆண், மற்றொன்றில் மூத்தவர் பெண். அனுபவத்தை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு இதைவிடத் தெளிவாக அமைவது கடினம். முதல் செட்டைப் பார்க் ஜூ-போங்கும் ராவும் 15–13 என்று கைப்பற்றினர். இரண்டாவதைக் கில்லும் கிம்மும் 15–4 என்று எளிதாக வென்றனர். மூன்றாவது 15–12 என்று கில்–கிம் இணைக்கே சாய்ந்தது. அக்காலத்து விதிப்படி சர்வீஸ் போடும் தரப்புக்கு மட்டுமே புள்ளி சேரும். ஆகையால், பந்தை வென்றும் புள்ளி ஏறாமல், சர்வீஸ் உரிமை மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும் நீண்ட இடைவேளைகளில் பொறுமை இழக்காதவர்களே வெல்ல முடியும். அந்தப் பொறுமையை இருபது வயது இளைஞருக்கு அளித்ததில் கில்லின் பங்கு எவ்வளவு என்பதை அளக்க எந்தப் பதிவேடும் இல்லை. ஆயினும் அதே ஒலிம்பிக்கில் மகளிர் இரட்டையர் இறுதியில் சீனத்தின் கே பெய்–கு ஜுன் இணையிடம் தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற ஒரு பெண்மணி, கலப்பு இறுதியிலும் முதல் செட்டை இழந்துவிட்டு, அதன் பின்னும் நிலைகுலையாமல் ஆடினார் என்ற செய்தி தானே ஒரு சாட்சியம்.

ஆகவே கிம்முடைய முதல் தங்கத்தை அவருடைய தனிச்சொத்தாக எழுதுவது நியாயமாகாது. அந்த வெற்றியைக் குறிக்கும்போது கில்லின் பெயரை முதலில் சொல்லுவதே முறை என்பது என் துணிபு.

அந்த இறுதியாட்டத்தின் வலைக்கு இருபுறமும் நின்ற இரு இளையவர்கள், மூத்தவர்கள் விலகிய பின் தாங்களே ஓர் இணையானார்கள். அங்கிருந்துதான் கிம்–ரா சரித்திரம் தொடங்குகிறது.

இணையின் ஆட்டமுறை

கலப்பு இரட்டையரின் பழைய இலக்கணம் எளிமையானது. தாக்கும்போது பெண் வலையருகே நின்று குறுகிய பந்துகளைக் கவனிப்பார்; ஆண் பின்களத்தைக் காத்து மேலிருந்து அடிப்பார். எதிரிகள் இந்த இலக்கணத்தை அறிந்தவர்களாதலால், பெண்ணைப் பின்களத்துக்கு விரட்டிவிடுவதே அவர்களுடைய முதல் தந்திரமாக இருக்கும். ரா உயரமானவர், மகளிர் இரட்டையரிலும் உலகத் தரத்தில் ஆடியவராகையால், பின்களத்திலிருந்து ஸ்மாஷ் அடிப்பதும், உயரத் தூக்கி நீளமாக அனுப்பி ஆட்டத்தைத் திருப்புவதும் அவருக்குப் பழக்கமானவை. அவரை விரட்டிய எதிரி, அதனால் பெரிய லாபம் எதையும் அடையவில்லை. கிம்மோ, பலமான ஸ்மாஷுக்குப் பெயர் பெற்றிருந்தும், ஆடவர் இரட்டையரில் ஹாவோடு இடம் மாறி மாறி ஆடிய பயிற்சியினால், முன்களத்திலும் தயக்கமின்றி நின்றார். இருவரும் இரண்டு இடங்களிலும் ஆடக்கூடியவர்களாக இருந்ததே அந்த இணையின் பலம். இருவரும் தத்தம் பிரிவு இரட்டையரில் முழுநேரமாக ஆடியதன் பயன் அது.

பயன்கள் வெகு விரைவில் தெரிந்தன. 1998, 2000, 2002, 2004 என்று ஒன்றுவிட்ட ஒவ்வோர் ஆண்டும் அகில இங்கிலாந்துக் கலப்புப் பட்டம். 1998-இல் பாங்காக்கிலும் 2002-இல் புசானிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம். 1999-இல் கோபன்ஹேகனில் இங்கிலாந்தின் சைமன் ஆர்ச்சர்–ஜோவான் கூட் இணையை வென்று உலகப் பட்டம். அதே ஊரில் அதே சமயத்தில் ஹாவோடு ஆடவர் இரட்டையர் உலகப் பட்டமும் கிம்முக்குக் கிடைத்தது. 2003-இல் பர்மிங்காமில் மறுபடியும் உலகப் பட்டம். 2003-ஆம் ஆண்டையும் அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தையும் தழுவிய காலத்தில் கிம்மும் ராவும் 14 தொடர்களில் தொடர்ச்சியாக 70 ஆட்டங்களை வென்றார்கள் என்று கொரிய விளையாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன.

சிட்னியும் ஏதென்ஸும்

2000-இல் சிட்னியில் கிம்மையும் ராவையும் காலிறுதியில் நேர் செட்டுகளில் வென்றவர்கள் சீனத்தின் ஜாங் ஜுன்–காவ் லிங். அப்போது உலகம் அதிகம் அறியாத இணை. அவர்கள் இறுதியில் இந்தோனேசியாவின் திரிகுஷ் ஹர்யாந்தோ–மினார்த்தி திமுர் இணைக்கு எதிராக முதல் செட்டை 1–15 என்று பறிகொடுத்தும், பின்னர் 15–13, 15–11 என்று வென்று தங்கம் பெற்றனர். இந்தத் தோல்வியைத் துரதிருஷ்டம் என்று எண்ணுபவர்கள், அடுத்து நிகழ்ந்ததைக் கவனிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2001-இல் செவியா நகரத்தில் உலகப் பட்ட இறுதியில் அதே சீன இணை அதே கொரிய இணையை மறுபடி வென்றது. 2001-இலும் 2003-இலும் அகில இங்கிலாந்துப் பட்டம் அவர்களுக்கே சென்றது. 2004-இல் ஏதென்ஸில் இங்கிலாந்தின் நேதன் ராபர்ட்சன்–கெயில் எம்ஸ் இணையை இறுதியில் வென்று தங்கத்தைக் காத்துக்கொண்டார்கள். ஆகவே சிட்னியில் நடந்தது, சம பலமுள்ள ஒரு புதிய எதிரி முதன்முதலாகத் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட நிகழ்ச்சி. அதைப் பலவீனம் என்பதும் தவறு, விதி என்பதும் தவறு.

ஏதென்ஸ் வேறு விதமானது. 2003-இல் பர்மிங்காமில் ஜாங்கையும் காவையும் உலகப் பட்ட இறுதியில் நேர் செட்டுகளில் வீழ்த்திய கிம்மும் ராவும், அடுத்த வசந்தத்தில் அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் பெற்று, எவராலும் அசைக்க முடியாதவர்களாக ஒலிம்பிக்குக்குச் சென்றார்கள். அங்கே காலிறுதியில் டென்மார்க்கின் ஜோனஸ் ராஸ்முசன்–ரிக்கே ஓல்சென் இணையிடம் தோற்றார்கள். அந்த டென்மார்க் இணை அதற்குமேல் வெற்றி பெறாமல் அரையிறுதியிலும், பின்னர் வெண்கலப் போட்டியிலும் தோற்று நான்காம் இடத்தோடு நின்றது. சிட்னியைப்போல் இங்கே ஒரு புதிய வல்லரசின் உதயத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல இயலாது. ஆயினும் எதிரிகளை அற்பமானவர்களாக நினைப்பதும் சரியன்று: ராஸ்முசன் முந்தைய ஆண்டில்தான் லார்ஸ் பாஸ்கேயுடன் ஆடவர் இரட்டையர் உலகப் பட்டத்தை வென்றவர், ஓல்சென் பல ஆண்டுகள் கலப்பு இரட்டையரில் பழுத்தவர்.

இத்தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது களைப்பு. கிம்மும் ராவும் ஒவ்வொருவரும் இரண்டு பிரிவுகளில் ஆடினார்கள். ஆகவே உடல் தளர்ந்தது என்பது வாதம். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தைக் காவ் லிங்கின் வாழ்க்கை முற்றிலும் மறுக்கிறது. அவரும் சிட்னியில் இரண்டு பிரிவுகளில் ஆடிக் கலப்பில் தங்கமும் மகளிர் இரட்டையரில் சின் யீயுவானுடன் வெண்கலமும் பெற்றார். ஏதென்ஸிலும் இரண்டில் ஆடித் தங்கமும், ஹுவாங் சுயியுடன் வெள்ளியும் பெற்றார். அதைவிட வலுவான மறுப்பு, தோற்றவர்களிடத்திலேயே இருக்கிறது. கலப்பில் தோற்ற பின்னர் ரா, லீ கியுங்-வோனுடன் மகளிர் இரட்டையர் வெண்கலப் போட்டியில் முதல் செட்டை இழந்தும் பின்வாங்காமல் சீன இணையொன்றை வென்றார். கிம், ஹாவோடு ஆடவர் இரட்டையர் இறுதியில் தம் நாட்டவரான லீ டோங்-சூ–யூ யோங்-சுங் இணையை 15–11, 15–4 என்று வென்று தங்கம் பெற்றார். உடல் தளர்ந்தவர்கள் ஒரே வாரத்துக்குள் இதைச் செய்திருக்க முடியாது.

இரண்டாவது காரணம் மனச்சுமை. இதை மறுப்பதற்கு அத்தனை எளிய பிரமாணம் இல்லை; சிட்னித் தோல்வியின் நினைவு ஏதென்ஸில் அவர்களுடைய கையைத் தயங்கச் செய்திருக்கக்கூடும். எனினும் ஒரே மனிதர், ஒரே பந்தயத்தில், ஒரு துணையோடு தளர்ந்து, மற்றொரு துணையோடு தளராமல் நின்றார் என்றால், அந்தச் சுமையை அவருடைய குணக்குறையாகக் கொள்ள இடமில்லை. எதிர்பார்ப்பு முழுவதும் வந்து குவிந்திருந்த அந்த இணையின்மேல் விழுந்த சுமை என்றே கொள்ள வேண்டும். ஆடவர் இரட்டையரில் கிம்மும் ஹாவும் மதிக்கப்பட்ட இணையானாலும், அவர்களிடமிருந்து தங்கத்தை உரிமைபோல் எதிர்பார்த்தவர்கள் குறைவு.

மூன்றாவதாக, நாக்-அவுட் முறையின் இயல்பையும் நாம் மறக்கலாகாது. ஆண்டு முழுவதும் பல நாடுகளில் நடக்கும் தொடர்களில் ஒரு நாள் தவறினால் அடுத்த மாதம் ஈடு செய்துகொள்ளலாம். ஒலிம்பிக்கில் அந்த ஒரு நாளுக்கு ஈடு நான்கு ஆண்டுகள். இரண்டு ஆட்டங்களை வைத்துக்கொண்டு எட்டு ஆண்டு உழைப்பைத் தீர்ப்பிடுவது எந்த விசாரணை முறைக்கும் ஒவ்வாதது. பின்வந்த லீ யோங்-டேயின் கதை இதையே மறுபுறமாகக் காட்டுகிறது: 2008-இல் பெய்ஜிங்கில் லீ ஹியோ-ஜுங்குடன் கலப்புத் தங்கம் பெற்ற அவர், அதே பந்தயத்தில் தம்முடைய முக்கியப் பிரிவான ஆடவர் இரட்டையரில் ஜுங் ஜே-சுங்குடன் முதல் சுற்றிலேயே வெளியேறினார், நெடுங்காலம் உலகின் முன்னணியில் நின்றும், உலகப் பட்டம் ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. கிம்–ரா இணைக்கு ஒலிம்பிக் மறுத்ததை உலகப் பட்டப் போட்டி கொடுத்தது. லீக்கு உலகப் பட்டப் போட்டி மறுத்ததை ஒலிம்பிக் கொடுத்தது. இவற்றில் எது மேலான அளவுகோல் என்று ஒருவர் அடித்துச் சொல்வாரானால், அவர் தம் விருப்பத்தையே பிரமாணமாக்குகிறார்.

ரா கியுங்-மின்னின் ஸ்தானம்

இதுவரை சொன்னவற்றில் ஓர் அநீதி மறைந்திருக்கிறது. அதைத் தனியே எடுத்துச் சொல்லாமல் இந்தப் பரிசீலனை முழுமை பெறாது. கிம்–ரா இணை ஒலிம்பிக்கில் தோற்றதன் விலையை இருவரும் சமமாகக் கொடுக்கவில்லை. கிம்முக்கு அட்லாண்டாவிலும் ஏதென்ஸிலும் தங்கம் கிடைத்துவிட்டதால், சரித்திரம் அவரை ஒலிம்பிக் வீரராகவே நினைவில் வைத்திருக்கிறது. ராவுக்குக் கிடைத்தவை அட்லாண்டா வெள்ளியும் ஏதென்ஸ் வெண்கலமும். சிட்னியில் கலப்பில் தம்மைத் தோற்கடித்த காவ் லிங்கையே மகளிர் இரட்டையர் வெண்கலப் போட்டியிலும் சந்தித்து, ஜுங் ஜே-ஹீயுடன் நான்காம் இடத்தோடு அவர் நின்றார். மூன்று ஒலிம்பிக்குகளில், வெவ்வேறு துணைகளோடு, பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தேழு வயது வரை உலகின் முதல் வரிசையில் நின்ற ஒருவர், பதக்கப் பட்டியலில் ஒரு தங்கமில்லாத பெயராகச் சுருங்கிவிடுகிறார்.

கிம்முடைய நான்கு அகில இங்கிலாந்துக் கலப்புப் பட்டங்களிலும், இரண்டு கலப்பு உலகப் பட்டங்களிலும், இரண்டு ஆசியத் தங்கங்களிலும் மறுபாதி ராவினுடையது. அவற்றைக் கிம்முடைய கீர்த்தியாக எழுதும் எவரும், அதே பேனாவால் ராவின் கீர்த்தியாகவும் எழுதக் கடமைப்பட்டவர். அப்படி எழுதினால், இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஆடவர் இரட்டையரில் ஹா டே-க்வோனைப் போன்ற துணை நெடுங்காலம் நிலையாக அமைந்த ஒருவருக்கும், மகளிர் இரட்டையரில் துணைகள் மாறிக்கொண்டே இருந்த ஒருவருக்கும் இடையே உள்ள வேறுபாடாகவே பெரும்பாலும் தெரியவரும். அக்காலத்து மகளிர் இரட்டையரில் சீனம் செலுத்திய ஆதிக்கத்தையும் கூட்டிப் பார்த்தால், ராவின் வெண்கலம், வேறு பிரிவில் மற்றொருவர் பெற்ற உயர்ந்த பதக்கத்துக்குக் குறைந்ததன்று என்று கூறத் துணிகிறேன். உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் கீர்த்தி மண்டபத்தில் இருவர் பெயரும் இடம் பெற்றிருப்பது, ஆட்டத்தை நெருங்கி அறிந்தவர்கள் இந்த நியாயத்தை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஓர் அடையாளம். களத்தில் இணையாக நின்ற அவர்கள் 2005-இல் மணம் புரிந்துகொண்டார்கள்.

பிற்காலம்

ஏதென்ஸோடு சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகிய கிம், பின்னர் வொன்குவாங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2024-இல் பாரிஸில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்ற ஆன் சே-யங், வென்ற அன்றே தம் நாட்டுச் சங்கத்தின் நடைமுறைகளைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியதும், அதைத் தொடர்ந்து கொரிய அரசின் பண்பாட்டு, விளையாட்டு அமைச்சகம் சங்கத்தின் நிர்வாகத்தை விசாரித்ததும் பலரும் அறிந்தவை. அந்தச் சூழ்நிலையில் 2025 ஜனவரியில் நடந்த தேர்தலில் பதவியிலிருந்த தலைவரைத் தோற்கடித்துக் கொரிய இறகுப்பந்துச் சங்கத்தின் தலைவரானார் கிம். சில மாதங்களில், ஜப்பானிய அணியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயிற்றுவித்து, 2014-இல் தாமஸ் கோப்பையையும் 2016-இல் ரியோவில் மட்சுடோமோ–தகாஹாஷி இணையின் மகளிர் இரட்டையர் தங்கத்தையும் அந்நாட்டுக்கு ஈட்டித் தந்த பார்க் ஜூ-போங், கொரியத் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நாடு திரும்பினார். கில் யங்-ஆவின் மகன் கிம் வொன்-ஹோ, பாரிஸில் ஜுங் நா-யுனுடன் கலப்பு இரட்டையர் வெள்ளி பெற்று, 2025-இல் சோ சுங்-ஜேயுடன் ஆடவர் இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்றிருக்கிறார்.

சங்கத்தின் தலைவராகக் கிம் எதிர்கொள்ளும் விவகாரங்களில், ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் முறையும், தேசிய அணியின் பயிற்சி ஒழுங்குகளும், தனிப்பட்ட விளம்பர ஒப்பந்தங்களின் சுதந்திரமும் முக்கியமானவை. ஒற்றையர் ஆட்டக்காரி ஒருவர் எழுப்பிய இக்கேள்விகள் இரட்டையர் ஆடுபவர்களுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஏனெனில் ஒருவருடைய காயம் அங்கே இருவருடைய ஆண்டை அழித்துவிடும், இணையை மாற்றுவது என்று அதிகாரிகள் எடுக்கும் ஒரு முடிவு இருவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகளில் ஒருவரை ஆடவைக்கும் வழக்கத்தை, அதன் பயன்களையும் அதன் சுமைகளையும் தம் உடலால் அறிந்த ஒருவர் எவ்வாறு ஒழுங்குபடுத்தப் போகிறார் என்பதை வரும் ஒலிம்பிக்குகளுக்கான தேர்வுகளில் காணலாம்.